ட்ரெய்லர் லைட் வயரிங் கிட்: பெட்டிக்கு முழு மார்க், வெள்ளை வயருக்குப் பாதிகூடக் கிடையாது

இந்த கிட்டை வாங்கி என் பிக்கப் ட்ரக்கில் மாட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாட்டிய அன்று ராத்திரியே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். மூன்று மாசம் கழித்து, மழையில் ரோட்டோரம் குனிந்து உட்கார்ந்து வயரைத் தடவிக்கொண்டிருந்தபோது எழுதியிருந்தால் ஒன்றுதான். இப்போது கோளாறெல்லாம் தீர்ந்து, லைட் ஒழுங்காக எரிவதைப் பல மாசம் பார்த்த பிறகு எழுதுகிறேன்: ஐந்துக்கு நாலு. குறைந்த அந்த ஒன்று எதற்காக என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வேறு கம்பெனி கிட்கள் இரண்டு மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன், உள்ளே இருக்கிற சாமான் கிட்டத்தட்ட இதேதான், சறுக்குகிற இடமும் இதேதான்.

முதலில் என்னிடம் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் ட்ரக், பின்னால் ஆரஞ்சு இண்டிகேட்டர் தனி, சிவப்பு பிரேக் லைட் தனி. இழுப்பது ஒற்றை அச்சு ட்ரெய்லர், அதற்குப் பிரேக் கிடையாது. பின்பக்கம் இரண்டு விளக்கு, ஒவ்வொன்றிலும் இரட்டை இழை பல்பு ஒன்று, அப்புறம் நம்பர் பிளேட்டுக்கு ஒரு சின்ன பல்பு. வாங்கியது, கரண்ட்டை நேராக பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிற கன்வர்ட்டர் பெட்டி உள்ள கிட். அட்டையைப் பிரித்தால் உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, அதிலிருந்து புறப்படும் வயர்கள், நாலு வயர் தட்டை பிளக், ஃப்யூஸ் ஹோல்டர், வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் க்ளிப்புகள், எர்த்துக்கு (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற இணைப்பு) என்று தகரத்தில் தானே துளைத்து இறங்குகிற ஒரு ஸ்க்ரூ, கொஞ்சம் கேபிள் டை, நாலாக மடித்த ஒரு தாள்.

பெட்டி எதற்கு, ட்ரக்கின் டெயில் லைட் வயரிலேயே ஜாயிண்ட் போட்டுப் பின்னால் இழுத்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். என் மாதிரி ட்ரக்கில் அது நடக்காது. ட்ரெய்லரில் ஒரு பக்கத்துக்குப் பளிச்சென்று எரிகிற இழை ஒன்றே ஒன்றுதான், அதுவே பிரேக், அதுவே இண்டிகேட்டர். நாலு வயர் பிளக் வைத்த ட்ரெய்லர்கள் எல்லாம் இந்த அமெரிக்க முறைதான். ட்ரக்கிலோ பிரேக்குக்கு ஒரு வயர், இடது இண்டிகேட்டருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மூன்றையும் சும்மா முறுக்கிச் சேர்த்தால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ட்ரக்கின் இரண்டு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும், ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் துடிக்கும். பெட்டி செய்வது அந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு இரண்டாக மாற்றித் தருவது. பிரேக் மிதித்தால் இரு பக்கமும் எரிய வேண்டும். அதே நேரம் இடது இண்டிகேட்டர் போட்டிருந்தால் இடது பக்கம் மட்டும் துடிக்க வேண்டும், வலது நிலையாக எரிய வேண்டும். இதை இந்தப் பெட்டி ஒரு தடவைகூடத் தடுமாறாமல் செய்கிறது.

இரண்டாவது காரணம் லோடு. 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றரை ஆம்பியர், டெயில் லைட்டும் போட்டிருந்தால் 5 வாட் பல்புகள் மூன்றுக்கு இன்னொரு ஒன்றேகால். மொத்தம் ஏறக்குறைய ஐந்து ஆம்பியரை, ட்ரக்கின் சொந்த விளக்குகளுக்கு என்று அளந்து போட்ட மெல்லிய வயரிலும் ஃப்யூஸிலும் சுவிட்சிலும் கூடுதலாகச் சுமத்துவது நல்லதல்ல. பெட்டியின் உள்வாங்கும் வயர்கள் ட்ரக்கிடமிருந்து எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், சேதி கேட்கிற மாதிரி. ட்ரெய்லருக்குப் போகிற கரண்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து தனி வயரில் வருகிறது. என்னுடைய பெட்டி மேல் ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பியர், டெயிலுக்கு 7.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு பக்கம் 21 வாட் பல்பு இரண்டு வரை நிம்மதியாகத் தாங்கும், மூன்று போட்டால் எல்லையைத் தாண்டிவிடும். நீளமான ட்ரெய்லரில் ஓரமெல்லாம் சின்ன விளக்கு வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பெட்டியைப் பற்றி எனக்குக் குறை இல்லை, மனசாரச் சொல்கிறேன். உள்ளே தண்ணீர் புகாத மாதிரி ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள், சேற்றிலும் மழையிலும் பம்பருக்குப் பின்னால் கிடந்து ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை ட்ரெய்லர் பக்கம் இடது விளக்குக்குப் போகிற மஞ்சள் வயர் தகர விளிம்பில் உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனது. பெட்டி அந்தப் பக்கத்தை மட்டும் அணைத்துக்கொண்டது, வலது பக்கமும் டெயிலும் எரிந்துகொண்டே இருந்தன, ட்ரக்கின் இண்டிகேட்டருக்கு ஒரு சேதமும் இல்லை. வயரைச் சரி செய்ததும் மறுபடி தானாக உயிர் வந்தது. நேரடி ஜாயிண்ட்டாக இருந்திருந்தால் ட்ரக்கின் ஃப்யூஸ் போய் ட்ரக்கும் சேர்ந்து இருட்டாகியிருக்கும். இந்த ஒரு சம்பவத்துக்காகவே பெட்டி தன் காசுக்கு வேலை செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது மாட்டுகிற வேலைக்கு வருகிறேன். ட்ரக்கில் எந்த வயர் எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பாதி. தாளில் "வயரைக் கண்டறிந்து இணைக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது, அதோடு சரி. நான் பின் விளக்கைக் கழற்றி, அதன் சாக்கெட்டுக்குப் பின்னால் டெஸ்ட் லைட்டை (கரண்ட் வந்தால் எரிகிற, முனை வைத்த சின்ன பல்பு) வைத்துக்கொண்டு, தம்பியை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். இடது இண்டிகேட்டர், அணை, வலது, அணை, பிரேக், விடு, பார்க் லைட் (டெயில் லைட்டை எரிய வைப்பது), அணை, இப்படி ஒவ்வொன்றாக. ஒரு நேரத்தில் ஒன்றுதான் போட வேண்டும். பார்க் லைட்டை அணைக்க மறந்துவிட்டு பிரேக் வயரைத் தேடினால் எந்த வயரைத் தொட்டாலும் எரிகிற மாதிரி குழப்பும். கண்டுபிடித்த ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் சுற்றி எழுதி வைத்தேன். அரை மணி நேர வேலை.

கிட்டின் வயர் நிறங்களில் ஒன்றை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். கறுப்பு பேட்டரி ப்ளஸ். ஆமாம், கறுப்புதான் ப்ளஸ். பேட்டரி பக்கம் வேலை செய்து பழகிய கை கறுப்பு என்றதும் மைனஸுக்குத்தான் போகும், எனக்கும் போனது, லக் (வயர் நுனியில் வைத்து அமுக்குகிற உலோக வளையம்) மாட்டுவதற்கு முன் தாளை இன்னொரு தடவை பார்த்ததால் தப்பித்தேன். ஐரோப்பிய முறை 7 பின் உருண்டை சாக்கெட்டில் இது வேறு மாதிரி: அங்கே கறுப்பு இடது டெயில், பழுப்பு வலது டெயில், சிவப்பு பிரேக், நீலம் பின்பக்க ஃபாக் லைட். மஞ்சள், பச்சை, வெள்ளை மூன்றும் மட்டும் இரண்டு முறையிலும் ஒத்துப்போகின்றன. ஆகவே பழைய ட்ரெய்லரை யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால் நிறத்தைப் பார்த்து இணைக்காதீர்கள், ஒவ்வொரு வயராக டெஸ்ட் செய்துதான் இணைக்க வேண்டும். இடையில் யாராவது கைக்குக் கிடைத்த வயரைப் போட்டு ஜாயிண்ட் செய்திருப்பார்கள்.

அடுத்தது அந்தக் கடிக்கிற க்ளிப். இரண்டு வயரையும் பக்கம் பக்கமாக வைத்து இடுக்கியால் அமுக்கினால் உள்ளே இருக்கிற தகடு இரண்டின் தோலையும் கிழித்து செம்பைத் தொட்டுவிடும், வயரைச் சீவ வேண்டியதில்லை, ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடியும். முதல் நாள் சந்தோஷமாக எல்லா இடத்திலும் அதையே போட்டேன். அதன் குறை என்னவென்றால், அந்தத் தகட்டின் பிளவு ஒரு குறிப்பிட்ட கனத்துக்கு வெட்டியது. ட்ரக்கின் வயர் அதைவிட மெல்லிசாக இருந்தால் தகடு தோலைக் கிழித்துவிட்டு செம்பை ஒழுங்காகப் பிடிக்காது. கனமாக இருந்தால் செம்பு இழைகளில் பாதியை அறுத்துவிடும். அதோடு கிழிந்த இடம் திறந்தே கிடக்கிறது, பின் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அங்கேதான் போகிறது.

ஆறு மாசம் கழித்துப் பழுப்பு வயர் க்ளிப்பைத் திறந்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. க்ளிப்பின் மூடி இடுக்கில் பச்சைக் களிம்பு மாவு மாதிரி உதிர்ந்தது. வயரைக் கொஞ்சம் வளைத்ததும் தோலுக்குள்ளேயே செம்பு இழைகள் பொடிப்பொடியாக நொறுங்கின, மூன்றே இழை மிச்சம். அந்த மூன்று இழைதான் டெயில் லைட் சேதியைப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, அதுவும் ரோடு மேடு பள்ளமாக இருந்தால் விட்டு விட்டுச் சொன்னது. களிம்பு தோலுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று சீவிச் சீவிப் பார்த்தேன், ஒரு சாண் போன பிறகுதான் சிவப்பாக நல்ல செம்பு கிடைத்தது. என் கிட்டின் வயர் என்றால்கூடப் பரவாயில்லை, ட்ரக்கின் சொந்த வயரும் அதே அளவு கெட்டிருந்தது, அதுதான் ரொம்ப வருத்தமாக இருந்தது.

அந்த க்ளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வயரை வெட்டி, சீவி, க்ரிம்ப் குழாயில் செருகி அதற்குரிய இடுக்கியால் அமுக்கி, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். ஸ்லீவின் இரண்டு நுனியிலும் பசை கண்ணாடி மாதிரி லேசாகப் பிதுங்கி வர வேண்டும், வந்தால்தான் தண்ணீர் போகாது. அமுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், கழன்று வருகிறதாக இருந்தால் இப்போதே வரட்டும். சால்டர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டு வேலைக்குச் சரி, அதிர்கிற வண்டியில் சால்டர் வயருக்குள் ஏறி உறைந்து நிற்கிற இடம் வரை கம்பி விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் ஆடி ஆடி ஒடியும். வைத்தே ஆக வேண்டுமானால் அந்த இடம் அசையாமல் கட்டிவிடுங்கள்.

பேட்டரி வயர் விஷயம் சுருக்கமாக. கிட்டோடு வந்த கறுப்பு வயர் என் ட்ரக்கின் முன்பக்க பேட்டரி வரை எட்டவில்லை, இரண்டு முழம் குறைந்தது. வீட்டில் கிடந்த மெல்லிய வயரைச் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆறு மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் ஐந்து ஆம்பியரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 போட்டால் 0.2 வோல்ட்தான் போகும். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், ஆனால் இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்துவிடும். அழுது வடிகிற லைட்டுக்கு இந்தக் கணக்குதான் காரணம். நான் வந்த வயரைக் கழற்றிவிட்டு முழு நீளத்துக்கும் 2.5 போட்டேன், வரிவரியாக இருக்கிற பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சேஸிஸ் ஓரமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். தகரத்தில் ஓட்டை வழியாக நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கிற வயருக்கு ஒரு காவலும் இல்லை, அங்கே ஷார்ட் ஆனால் வயர் பற்றி எரியும். கிட்டில் 15 ஆம்பியர் நீல ஃப்யூஸ் கொடுத்திருக்கிறார்கள், சரியான அளவு. அதை எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான் செருகினேன்.

சரி, இப்போது வெள்ளை வயர். கிட்டோடு வந்தது ஒரு சாண்கூட இல்லை. தாளில் போட்டிருப்பது: பக்கத்தில் ஏதாவது தகரத்தில் இந்த ஸ்க்ரூவை இறக்கி எர்த் செய்யவும். நான் அப்படியே செய்தேன். பம்பருக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு கைக்கு எட்டியது, அதில் இறக்கினேன். அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று எரிந்தது.

மூன்றாவது மாசம் மழைக்காலம். ராத்திரி ட்ரெய்லரோடு வந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டிக்காரர் லைட் அடித்து அடித்து நிறுத்தச் சொன்னார். "சார், நீங்க இண்டிகேட்டர் போடறீங்களா, லைட்டை அணைக்கறீங்களான்னே தெரியல" என்றார். இறங்கிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. இடது இண்டிகேட்டர் ஒவ்வொரு தடவை எரியும்போதும் இரண்டு பக்க டெயில் லைட்டும் மங்கியது, இண்டிகேட்டர் அணைந்தால் டெயில் மீண்டும் எழுந்தது. கூட வந்த தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

"மிதிச்சுட்டியாடா?"

"மிதிச்சுட்டுதாண்ணே இருக்கேன்!"

பிரேக் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி கருஞ்சிவப்பு. பின்னால் ஒரு கனரக வண்டி வந்துகொண்டிருந்தால் நான் பிரேக் போட்டது அவருக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு மீதி தூரத்தை ட்ரக்கின் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஓட்டி வந்தேன்.

எர்த் கெட்டால் இப்படித்தான் காட்டும். எல்லா பல்பின் கரண்ட்டும் திரும்பி வருகிற ஒரே பாதை அந்த வெள்ளை வயர். அந்தப் பாதையில் அரை ஓம் அளவுக்குத் தடை வந்துவிட்டால் போதும், பிரேக்கும் டெயிலும் சேர்ந்து எரியும்போது இரண்டு வோல்ட் அங்கேயே தின்று போய்விடும், வெளிச்சம் பாதியாகிவிடும். ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தால் மற்ற விளக்குக்குக் கிடைக்கிற வோல்டேஜ் குறையும், அதனால்தான் இண்டிகேட்டருக்கு எதிர்த்தாளமாக டெயில் துடித்தது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மாறுகிறது என்றால் பல்பையும் பெட்டியையும் விட்டுவிட்டு நேராக எர்த்துக்குப் போங்கள்.

நான் நேராகப் போகவில்லை. பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றி அரை நாள் வீணாக்கினேன். காரணம், டெஸ்ட் லைட் என்னை ஏமாற்றியது. அதன் க்ளிப்பை சேஸிஸில் மாட்டிக்கொண்டு பிளக்கின் மூன்று ஓட்டையிலும் வைத்தேன், மூன்றிலும் ஜம்மென்று எரிந்தது. எரியாமல் என்ன செய்யும், நான் எர்த் எடுத்தது நல்ல சேஸிஸிலிருந்து, ட்ரெய்லர் எடுப்பதோ கெட்டுப்போன வெள்ளை பின்னிலிருந்து. க்ளிப்பை அந்த வெள்ளை பின்னில் மாட்டித்தான் பார்த்திருக்க வேண்டும். அதுவும் சின்ன டெஸ்ட் லைட் இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு, அரை ஓம் தடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து அதையே டெஸ்டராக வைத்துக்கொண்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அப்புறம் ஒழுங்கான வழியில் தேடினேன். முதலில் ட்ரெய்லரைத் தனியாகப் பிரித்து, ஒரு 12 வோல்ட் பேட்டரியின் மைனஸை ட்ரெய்லர் பிளக்கின் வெள்ளைக்குக் கொடுத்து, ப்ளஸை ஒரு ஃப்யூஸ் வழியாகப் பழுப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் முழு வெளிச்சம். ஆக ட்ரெய்லர் குற்றமற்றது, கோளாறு ட்ரக் பக்கம். இந்த ஒரு சோதனை பத்து நிமிஷம்தான், தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். அடுத்து ட்ரெய்லரை மாட்டி, பார்க் லைட்டும் பிரேக்கும் எரிகிற நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை வெள்ளை வயர் பெட்டியை விட்டு வெளியே வருகிற இடத்திலும் வைத்தேன். அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 2.1 வோல்ட் காட்டியது.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். கழற்றினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, விரலால் திருப்பியதும் வந்துவிட்டது. மெல்லிய தகட்டில் அதன் மரை பிடித்திருந்தது ஒன்றரைச் சுற்றுதான். லக் உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாகப் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது, ஆக முதல் நாளிலிருந்தே கரண்ட் போனது லக் வழியாக இல்லை, ஸ்க்ரூவின் மரை வழியாக மட்டும். மரையில் துரு ஏறியதும் கதை முடிந்தது. இதில் இன்னொரு விஷயம், அந்தத் தகடு சேஸிஸோடு நேராகச் சேர்ந்ததும் இல்லை, நடுவில் ரப்பர் புஷ் இருந்தது.

சரி செய்தது இப்படி. சேஸிஸ் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதைச் சுற்றி எமரி பேப்பரால் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். வெள்ளை வயரை 2.5 வயரால் நீட்டி, வளைய லக் வைத்து அமுக்கி, லக்குக்கு அடியில் பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கினேன், முறுக்கி முடித்த பிறகு மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு வருகிற கனமான பட்டையின் போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுபடி மீட்டர் வைத்தால் 0.1. பெட்டியையும் மாற்றவில்லை, பல்பு ஒன்றும் மாற்றவில்லை, ஆனால் தம்பி பிரேக்கை மிதித்ததும் பின்னால் இருந்த சுவர் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. இவ்வளவுக்கும் தேவைப்பட்டது இரண்டு முழ வயரும் ஒரு லக்கும். கம்பெனிக்காரர்கள் அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு நல்ல வளைய லக்கோடு ஒரு மீட்டர் வெள்ளை வயர் கொடுத்திருந்தால், தாளில் "பெயின்ட்டைச் சுரண்டவும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால், நான் ஐந்து மார்க் போட்டிருப்பேன். ராத்திரி ரோட்டில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ட்ரெய்லர் பக்க எர்த்தையும் அதே கண்ணோடு பாருங்கள். கொக்கிப் பந்து இரும்பு, ட்ரெய்லர் இரும்பு, தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று வெள்ளை வயரே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்தில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், வண்டி குதிக்கும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கும். லைட்டும் அப்படித்தான் எரியும். அதே மாதிரி பல ட்ரெய்லர்களில் விளக்கை மாட்டுகிற போல்ட்தான் விளக்குக்கு எர்த். நான் இரண்டு விளக்குக்கும் தனித்தனியாக வெள்ளை வயர் இழுத்துவிட்டேன், அதன் பிறகு துருவைப் பற்றிக் கவலை இல்லை.

பிளக் பற்றி ஒரு நல்ல வார்த்தை. ட்ரக் பக்கத் தட்டை பிளக்கில் மூன்று ஓட்டை ரப்பருக்குள் மூடியிருக்கும், வெள்ளைக்கு மட்டும் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் வருகிற முனைகள் மூடியிருப்பதால் பிளக் தொங்கிப் பம்பரில் பட்டாலும் ஷார்ட் ஆகாது, திருப்பிச் செருகவும் முடியாது. எளிமையான, யோசித்துச் செய்த அமைப்பு. இந்த கிட்டில் ரப்பர் இறுக்கமாக நன்றாகவே இருக்கிறது. வயருக்குத் திருப்பத்தில் இழுபடாத அளவு தொய்வு விடுங்கள், ஆனால் ரோட்டில் உரசுகிற அளவு விடாதீர்கள். முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்தேன்.

யார் இதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள், அங்கே இந்தப் பெட்டியும் ட்ரெய்லர் பல்பும் இரண்டுமே போய்விடும். ட்ரெய்லரில் எலக்ட்ரிக் பிரேக்கோ ரிவர்ஸ் லைட்டோ இருந்தால் நாலு வயர் போதாது, அதைவிடக் கூடுதல் வழி உள்ள சாக்கெட் வேண்டும், பெரும்பாலும் 7 வழி. புதிய மாடல் ட்ரக்குகளில் டெயிலையும் பிரேக்கையும் ஒரே வயரில் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, துடிப்பின் அகலத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பல்பு இருக்கிறதா என்று பார்க்கச் சின்னத் துடிப்பு ஒன்றையும் அவ்வப்போது அனுப்புகிறார்கள். சாதாரணக் கன்வர்ட்டருக்கு அது புரியாது, எல்இடி விளக்கு என்றால் மினுக் மினுக்கென்று அடிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு அதற்கென்றே உள்ள கன்வர்ட்டரோ, அந்த மாடலுக்கு என்று வருகிற, வயரை வெட்டாமல் இடையில் செருகுகிற ஹார்னஸோ (பிளக்கோடு வருகிற வயர்க் கட்டு) வாங்குங்கள். அந்த மாதிரி வண்டியில் கண்ட வயரை டெஸ்ட் லைட்டால் குத்திப் பார்க்கவும் வேண்டாம், மீட்டர் போதும்.

மற்றபடி என்னுடையது மாதிரி 12 வோல்ட், இழை பல்பு ட்ரக், பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் தைரியமாக வாங்கலாம். வாங்கும்போதே பசை ஸ்லீவ் வைத்த க்ரிம்ப் ஜாயிண்ட் ஐந்தாறு, வளைய லக் இரண்டு, 2.5 வயர் கொஞ்சம் சேர்த்து வாங்கிவிடுங்கள். கிட்டில் வருகிற க்ளிப்பையும் ஸ்க்ரூவையும் பிரிக்கவே வேண்டாம். நான் ஜாயிண்ட்களை மாற்றிய பிறகு இரண்டு மழைக்காலம் ஆகப்போகிறது, ஒரு தடவைகூட ரோட்டில் நிற்கவில்லை. போன வாரம் மீட்டர் வைத்துப் பார்த்தேன், எர்த்தில் அதே 0.1தான். பிளக்கின் ரப்பர் மூடி மட்டும் வெயிலில் வெடித்துக் கிழிந்துவிட்டது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை மடித்துக் கட்டி மாட்டியிருக்கிறேன், கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.